அணியத்தில் ஒரு துளி

ரஞ்சித்தின் படகு இன்னும் கரைக்கு வரவில்லை.

போன வாரம் எங்கே விட்டோமோ ரகுபதியின் வீடு அங்கேயேதான் நிற்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் காசிமேட்டிலிருந்து ஒன்றாகப் புறப்பட்ட விசைப்படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. மீனை இறக்கி, ஏலம் விட்டு, ஐஸ் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பிப் போனவர்களும் உண்டு. ரகுபதியின் 'கன்னியம்மன்' மட்டும் காணோம். அதை ஓட்டிப்போன ஒரே மகன் ரஞ்சித்தின் குரல் வயர்லெஸ்ஸில் கேட்டுப் பல நாளாகிறது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரகுபதி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் தொறமுகத்துக்குப் போறேன். எபினேசரு போட்டு காலைல வந்துகிதாம். அவனும் ஆந்திரா பக்கந்தான் போனான். நம்ப புள்ளைய எங்கனா பாத்தானான்னு கேக்கறேன்."

"நானும் வரேன்யா," என்றாள் குணசுந்தரி.

"நீ வந்து இன்னா பண்ணப் போற? அங்க கீற பொம்பளைங்க உன்னப் பாத்து அயுவும், நீ அதுங்களப் பாத்து அயுவ. வூட்லயே கம்முனு குந்து. மோகனாவுக்கு இன்னிக்கி செக்கப்பு கீது இல்ல? அத அனுப்பி வை."

செருப்பை மாட்டியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"குணா, சாமிக்கு வெளக்கு ஏத்துமே."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. குணசுந்தரி தலையை ஆட்டினாள். அவர் படி இறங்கிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் விளக்கின் பக்கம் போகவில்லை. மருமகளைக் கூப்பிட்டாள்.

"மோகனா, நீ ஏத்திடு. எனுக்கு கை நடுங்குது."

படகு போன நாளிலிருந்து இதையேதான் சொல்கிறாள். கை நடுங்குகிறதாம். அதே கை விடிகாலையில் வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

மோகனப்ரியா விளக்கேற்றினாள். திருவொற்றியூர் குப்பத்துப் பெண். ரஞ்சித்துக்குக் கழுத்தை நீட்டி இரண்டாவது வருஷம். வயிற்றில் ஐந்தாம் மாதம். செக்கப்புக்குப் போக மனசே இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற ஜீவன் என்ன பாவம் செய்தது? துப்பட்டா எடுக்க பீரோவைத் திறந்தாள்.

துணிகளுக்கு அடியில் கையை விட்டபோது நாப்கின் பாக்கெட் வந்தது. நாள் தள்ளிப்போவதற்கு முன்னால் வாங்கி, பிரிக்காமலே உள்ளே தள்ளிவைத்த பாக்கெட். இப்போது பிரிந்திருந்தது. உள்ளே ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அவள் பீரோ கதவைப் பிடித்தபடி நின்றாள். இந்த வீட்டில் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி கர்ப்பிணி. இன்னொருத்திக்கு ஐம்பத்திரண்டு வயது, போன வருஷப் பொங்கலோடு நின்றுவிட்டது.

நின்றது தெருவுக்கே தெரியும். அதற்குக் காரணம் இருக்கிறது. ரகுபதியின் வீட்டில் தலைமுறையாக ஒரு வழக்கம். தூரமாகிற வயசில் இருக்கும் பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. மாதாமாதம் வருவது நின்றுபோன வீட்டுப் பெரியவள்தான், தடைக்காலம் முடிந்து முதல் பயணம் புறப்படும்போது படகின் முன்மூக்கான அணியத்தில் ஏறி நின்று, கன்னியம்மனுக்குக் கற்பூரம் காட்டி, ஆரத்தி சுற்றி ஊற்ற வேண்டும். மாமியார் போனபின் அந்த இடம் காலியாகவே கிடந்தது. பிறந்ததிலிருந்து கரையில் நின்றே படகைப் பார்த்த குணசுந்தரி, இந்த வருஷம்தான் முதல்முறையாக அதில் ஏறினாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாணப் பெண்ணாட்டம் ஏறினாள் என்று துறைமுகமே சொன்னது.

அந்த இடத்துக்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமா? நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து தீ கிளம்பிக் கழுத்து, காது என்று ஏறி, ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். ராத்திரி தூக்கம் கிடையாது. முட்டி இரண்டும் கழன்று விழுகிற வலி. இரண்டு வாரம் முன்பு, உப்பு கம்மி என்று ரகுபதி சொன்ன ஒரே சொல்லுக்கு மீன்குழம்புச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் வீசியதும், வீசிய கையோடு உட்கார்ந்து ஓவென்று அழுததும் இந்தக் கதையில்தான் நடந்தது.

பெண் வயசுக்கு வந்தால் நம் ஊரில் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம். மைக்செட் வைக்கிறோம். முகத்தை அச்சடித்து பேனர் கட்டுகிறோம். அதே உடம்பு ஒருநாள் கடையைக் கட்டும்போது மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அம்மா சொல்ல மாட்டாள், அக்கா சொல்ல மாட்டாள், புருஷனுக்குத் தெரியவே தெரியாது. பெண் பாவம், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று தானே பயந்துகொண்டு நாளைத் தள்ளுகிறாள். எனக்கு இதை எழுதும்போதே எரிகிறது.

போகட்டும். மோகனப்ரியா பாக்கெட்டோடு குளியலறை வாசலுக்கு வந்தாள். குணசுந்தரி குனிந்து துணி கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்த, இது யாரு பிரிச்சது?"

குணசுந்தரி பாக்கெட்டைப் பார்த்தாள். கையிலிருந்த பாவாடையை அவசரமாக வாளிக்குள் அமுக்கினாள். சோப்பு நுரை சிவந்தது.

"கதவ சாத்து," என்றாள் மெதுவாக.

"எப்பத்துலேர்ந்து அத்த?"

"போட்டு போன அன்னிக்கி."

"போன அப்பாலயா, போறதுக்கு முன்னாலயா?"

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்த, உங்களத்தான் கேக்கறேன்!"

"அணியத்துல நிக்கச் சொல்லோ," என்றாள் குணசுந்தரி. "ஆரத்தித் தட்டு கைல கீது. தொடையெல்லாம் ஈரம். எனுக்குதான் எப்பவும் வேர்த்துகினே கீதே, அந்த வேர்வன்னு நெனச்சேன். எறங்கி வூட்டுக்கு வந்து பாக்கறேன், ரத்தம். ஒரு துளி கீய வுயுந்திருக்கும் மோகனா. அணியத்துல வுயுந்திருக்கும். போட்டு அதுக்குள்ள கெளம்பிப் போச்சு."

மோகனப்ரியா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

டிகிரி படித்தவள்தான். ஆனாலும் கடல்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் கடலில் காணாமல் கிடக்கிற நேரம். அந்த ஓரடி அவளைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. குணசுந்தரி அதைப் பார்த்துவிட்டாள்.

"பாத்தியா? நீயே ஒதுங்கற. எம் புள்ளைய நான்தான் கடல்ல தள்னேன்."

"ஐயோ, அப்டிலாம் இல்ல அத்த. சொம்மா எதையாவது பேசாதீங்க." வெட்கமாக இருந்தது மோகனப்ரியாவுக்கு. பின்னால் போன அடியை முன்னால் வைத்து மாமியாரின் ஈரக் கையைப் பிடித்தாள். "இத்தினி நாளா போய்க்கினு கீதா?"

"ஒரு நாளு நிக்கும். மறுநாளு வரும்."

"என்கூட வாங்க. அந்த டாக்டர்கிட்டயே காட்டிடலாம்."

"வர மாட்டேன்."

"ஏன் அத்த?"

குணசுந்தரி வாளியின் விளிம்பில் கையை ஊன்றி எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவுதான் மோகனப்ரியாவைப் பயமுறுத்தியது.

"நான் கன்னியம்மாகிட்ட பேசிட்டேன். தப்பு பண்ணது நானு, எம் புள்ளைய வுட்டுடு, அவனுக்கு பதிலா என்ன எட்த்துக்கோன்னு சொல்ட்டேன். அவளும் எட்த்துகினு கீறா. அதான் ரத்தம் நிக்காம போவுது. நடுவுல நான் போய் மருந்து துன்னா இன்னா அர்த்தம்? குடுக்கறேன்னு சொல்ட்டு கைய இஸ்துக்கறான்னு அவ நெனக்க மாட்டா?"

மோகனப்ரியா வாளியில் சிவந்திருந்த நுரையைப் பார்த்தாள்.

"உம் மாமாவுக்கு தெரியக் கூடாது. அது தாங்காது." குணசுந்தரி மருமகளின் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்து அழுத்தினாள். "இது மேல ஆணை. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"அத்த, வாணாம்..."

"சொல்லு மோகனா. உம் புருசன் வரணுமா, வாணாமா?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் மோகனப்ரியா. சொல்லும்போதே தான் ஏதோ பெரிய தப்புக்குக் கையெழுத்துப் போடுவதாக அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போகும் வழியெல்லாம் அவள் எதையும் பார்க்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "முழுகாம கீறியாமா? வெயில்ல அலையாத," என்றாள். அதற்கும் அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

டாக்டர் மகிமா வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். தடதடவென்று அது ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதும் மோகனப்ரியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நல்லா இருக்கும்மா குழந்தை. எதுக்கு அழற? இன்னும் கொஞ்ச நாள்ல அசையறது உனக்கே தெரியும்."

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். எங்க சொந்தத்துல ஒருத்தங்களுக்கு... அம்பது வயசுக்கு மேல. நின்னுபோனது திரும்ப வந்துகீது."

டாக்டரின் கை நின்றது. "நின்னு எவ்வளவு நாளாச்சு?"

"போன வருஷம் பொங்கலோட."

"அப்போ வருஷம் தாண்டிடுச்சு. பாரும்மா, மாசாமாசம் வர்றது கன்னாபின்னான்னு மாறி, ரெண்டு மாசம் வராம மூணாவது மாசம் கொட்டறதெல்லாம் நிக்கப்போற காலத்துல நடக்கும். ஒரு வருஷம் முழுசா வரலைன்னாதான் நின்னுடுச்சுன்னு சொல்றோம். அப்படி நின்ன பிறகு ஒரே ஒரு சொட்டு பட்டாலும் அதைப் பார்த்தே ஆகணும்."

"அவங்களுக்கு சும்மா சும்மா வேர்க்கும் டாக்டர். தூக்கமே இல்ல. கோவம் வருது, ஒடனே அயுவறாங்க."

"அது வேற. சினைப்பை ஓய்வு எடுக்குது, அதுல சுரக்கிறது குறையுது, உடம்பு பழகறதுக்குத் தடுமாறுது. சூடு ஏறும், மூட்டு வலிக்கும், மறதி வரும். அவங்களா வேணும்னு பண்றது இல்ல. ரொம்பக் கஷ்டப்பட்டா அதுக்கும் வைத்தியம் இருக்கு, பொறுத்துக்கணும்னு ஒண்ணும் தலையெழுத்து கிடையாது. ஆனா ரத்தம் அந்தக் கணக்குல வராது."

"இன்னாவா இருக்கும்?"

"பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும். உள்தோல் மெலிஞ்சு காய்ஞ்சுபோயிருக்கும். சின்னதா சதை வளர்ந்திருக்கும். சில பேருக்குக் கர்ப்பப்பையில கேன்சர். அதுவும் இப்படி முதல்ல ரத்தம் காட்டும்போதே வந்துட்டா காப்பாத்திடலாம். நிறையப் பேரு அப்ப வர்றதில்ல. கல்யாணம் முடியட்டும், திருவிழா முடியட்டும்னு உட்கார்ந்திருந்துட்டு, நாத்தம் அடிக்க ஆரம்பிச்சப்புறம் தூக்கிட்டு வருவாங்க."

மோகனப்ரியா துப்பட்டா முனையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது?"

"எங்க அத்த."

"சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நாளைக்குன்னு சொல்லாத. இன்னைக்கே கூட்டிட்டு வா."

படியிறங்கும்போது போன் அடித்தது. ரகுபதி. எதிர்முனையில் வெறும் அழுகை. மோகனப்ரியா கைப்பிடிச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

"மாமா? மாமா, இன்னா ஆச்சு?"

"கெட்ச்சிட்டான்மா! எம் புள்ள கெட்ச்சிட்டான்! எபினேசரு போட்டு வயர்லெஸ்ல பேசறான்மா, ஓடியா!"

காசிமேட்டுக்கு அவள் தனி ஆட்டோவே பிடித்தாள்.

விஷயம் இதுதான். படகுக்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் காத்தாடியில் வலை சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றிருக்கிறது. பேட்டரி போனதால் வயர்லெஸ்ஸும் செத்துவிட்டது. நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்த படகை நெல்லூர்ப் பக்கத்து மீனவர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். பழவேற்காட்டைத் தாண்டியாகிவிட்டது. அவர்களுடைய வயர்லெஸ்ஸில்தான் ரஞ்சித் பேசுகிறான். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

துறைமுகத்தில் கூட்டம். எபினேசரின் படகு ஓட்டும் அறையில் ரகுபதி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, துன்னியாடா? தண்ணி கீதாடா?" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் ரஞ்சித்தின் குரல் கரகரவென்று கரை வரைக்கும் கேட்டது. கூடப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் படகில். பெண்கள் கரையில். சந்தோஷத்திலும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

குணசுந்தரி ஐஸ்பெட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வர வேண்டாம் என்று சொல்லியும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறாள். உதட்டில் ரத்தமே இல்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா மோகனா? கேட்டுக்கினா பாரு. நான் கேட்டத அவ கேட்டுக்கினா."

மோகனப்ரியா பக்கத்தில் மண்டியிட்டாள். "அத்த, அதான் அவரு வரப் போறாரு இல்ல? எழுந்துருங்க. டாக்டரு ஒக்காந்துகினு கீறாங்க. இன்னிக்கே வரச் சொன்னாங்க."

"இப்பதான் போவவே கூடாது."

"இன்னா அத்த சொல்றீங்க?"

"அவ சொன்னத செஞ்சிட்டா. இனிமே நான் சொன்னத நான் செய்யணும். அவன் இன்னும் கரைல கால் வெக்கலடி. நடுத்தண்ணில கீறான். இப்ப நான் ஏமாத்தினா கயிறு அறுக்க எவ்ளோ நேரமாவும்?"

மோகனப்ரியா அழுதாள், கெஞ்சினாள். ஒண்ணுமில்லாததாகக்கூட இருக்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கெட்டதாக இருந்தாலும் இப்போதே வந்தால் பிழைக்கலாம் என்று சொன்னதையும் சொன்னாள். பேரப்பிள்ளையைக் காட்டிக் கேட்டாள்.

"அதுக்காவுந்தாண்டி," என்றாள் குணசுந்தரி. "அதுக்கு அப்பன் வேணும்ல?"

சொல்லிவிட்டு எழப் பார்த்தாள். கால் தள்ளாடியது. மோகனப்ரியா தாங்கிப் பிடித்தபோது சேலையின் பின்பக்கம் தெரிந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. அவள் தன் துப்பட்டாவை உருவி மாமியாரின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். இந்த மனுஷி செத்துப்போய்விடுவாள். நிம்மதியாக, சிரித்துக்கொண்டே, எல்லாரும் பார்க்கச் செத்துப்போவாள். ரஞ்சித் கரைக்கு வந்து அம்மா எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

மாமியாரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு அவள் எழுந்து நேராகப் படகுக்குப் போனாள்.

"ஏம்மா, எங்க ஏறற? வயித்துப் புள்ளக்காரி!" என்றான் ஒருத்தன்.

"மோகனா!" ரகுபதி உள்ளிருந்து கத்தினார். "கால் வெக்காதமா! எம் புள்ள இன்னும் தண்ணிலதான் கீறான்!"

எபினேசர் அவள் முகத்தைப் பார்த்தான், கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்து அவள் ஏறினாள். ஓட்டும் அறைக்குள் போய், திகைத்து நின்ற மாமனாரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

மைக்கில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பேசுவது ரஞ்சித்துக்கு மட்டும் கேட்காது. அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கிற அத்தனை படகுக்கும் கேட்கும். கரையிலும் கேட்கும். இது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. அதை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"மோகனா பேசறேன். உங்கம்மாவுக்கு ரத்தம் போய்க்கினு கீது. நின்னுபோனது திரும்ப வந்துகீது. போட்டு எடுத்த அன்னிக்கி அணியத்துல நிக்கறப்பவே வந்துட்டுது. அதனாலதான் நீ காணாம பூட்டன்னு நெனச்சிகினு, உன் உசுருக்கு பதிலா என் உசுர எட்த்துக்கோன்னு வேண்டிக்கினாங்க. இப்ப ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்றாங்க. செத்துடுவாங்கப்பா. எனுக்கு வேற வழி தெரியல. நீயே சொல்லு."

பொத்தானை விட்டாள்.

கரையில் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ரகுபதி சுவரில் சாய்ந்தார். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஐஸ்பெட்டிகளுக்குப் பக்கத்தில் குணசுந்தரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரைச்சலுக்கு நடுவில் குரல் வந்தது.

"அம்மா கீதா அங்க? அம்மாவுக்கு கேக்குதா?"

"கேக்குதுடா, சொல்லு," என்றான் எபினேசர், மோகனப்ரியாவின் கையிலிருந்த மைக்கைக் குனிந்து அழுத்தி.

"யம்மா, நான் அத அன்னிக்கே பாத்தேம்மா. நீ ஊத்துன ஆரத்தித் தண்ணி ஓரமா ஓடிப்போச்சு. நீ நின்ன எடத்துல ஒரு துளி அப்டியே கீது. ரெண்டும் செவப்பு, வேற யாருக்கும் வித்தியாசம் தெரில, எனுக்கு தெரிஞ்சிது. உனுக்கு ஒடம்புக்கு இன்னாவோன்னு நெனச்சேன். வாய தொறந்தா நைனா போட்ட நிறுத்திடும், உன்ன நாலு பேரு முன்னால பேசும். அதான் வாளில கடல் தண்ணி மொண்டு நானே கயுவி வுட்டேன். அத கயுவிட்டு, தெரிஞ்சேதாம்மா கடலுக்குப் போனேன்."

குரல் உடைந்தது. இரைச்சல். மறுபடி வந்தது.

"ஐஸ்பெட்டி கொள்ளாம மீனு கெட்ச்சிது. அப்பால வல சிக்கி இன்ஜினு நின்னுச்சு. அவ்ளோதாம்மா. உன் உசுர யாரும் கேக்கல. அன்னிக்கே உங்கிட்ட சொல்லிருக்கணும், எனுக்கு கூச்சமா பூட்டுது. யம்மா, நான் வந்து எறங்கறப்போ நீ கரைல நிக்காத. நீ ஆஸ்பத்திரில இரு. நான் அங்க வரேன்."

துறைமுகத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. காலம் காலமாகப் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்த சமாச்சாரம், ஒரு மகனின் வாயால் இத்தனை ஆண்களின் காதில் விழுந்துவிட்டது. இனி அதை யாராலும் திரும்ப உள்ளே அனுப்ப முடியாது.

மோகனப்ரியா படகிலிருந்து இறங்கினாள். குணசுந்தரி முந்தானையை விலக்கினாள். அவள் முகத்திலிருந்த அந்தச் சிரிப்பு போயிருந்தது.

"கயுவினானாமே," என்றாள். "எம் புள்ள கயுவினானாமேடி."

"ஆமா அத்த. வாங்க."

இந்த முறை அவள் கையை உதறவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். மோகனப்ரியா திரும்பிப் பார்த்தாள். ரகுபதி படகிலிருந்து இறங்கியிருந்தார். ஆனால் ஆட்டோ பக்கம் வரவில்லை. கடலைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றார். மனைவியின் மேல் கோபமா, தனக்குத் தெரியாமல் இத்தனையும் நடந்ததில் அவமானமா, அந்த முதுகிலிருந்து எதுவும் தெரியவில்லை.

"மாமா!" என்று கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. ஆட்டோ கிளம்பிவிட்டது.

அப்போதுதான் மோகனப்ரியாவுக்கு உறைத்தது. வயிற்றின் மேல் செய்த ஆணை. காலையில் சொன்ன சொல் மதியத்துக்குள் போயாயிற்று. கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளே ஓர் அசைவும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

குணசுந்தரி அதைப் பார்த்தாள். மருமகளின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் கையை வைத்தாள்.

"அந்த ஆணைய வாங்கினவ நானு. நானே வுட்டுட்டேன். உனுக்கும் புள்ளைக்கும் அதுல ஒண்ணும் இல்ல."

மோகனப்ரியா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனது. கொஞ்ச தூரம் போனதும் குணசுந்தரி மருமகளின் விரல்களை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள்.

"மோகனா."

"இன்னா அத்த?"

"எனுக்கு பயமா கீதுடி."

உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்த இத்தனை நாளும் அவள் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.